கொட்டாஞ்சேனையில் தொலைந்தது யார்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனையில் என் மனைவியைத் தொலைத்துவிட்டேன்.

பதற வேண்டாம். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் அடுப்படியில் முருங்கைக்காய் நறுக்குகிறாள். எத்தனை துண்டு என்பதை இங்கிருந்தே சொல்லிவிடுவேன்... வேண்டாம். அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச்சே.

இந்தப் பத்தியை ஒழுங்காகப் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். நான் எண்ணுகிறவன். ரயிலில் ஏறினால் ஆட்களை எண்ணுவேன். கல்யாண வீட்டில் பந்தியை எண்ணுவேன். மழை பெய்தால் ஓட்டில் ஒழுகும் இடங்களை எண்ணுவேன். கந்தோரில் உத்தியோகம் பார்த்த காலத்தில் இதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். பென்ஷன் எடுத்தபின் இலவசமாகச் செய்கிறேன். புதுக்கடையிலிருந்து ஒரு வாசகர், "அடுத்த குடிசன மதிப்புக்கு ஐயா ஒருவரே போதும்" என்று எழுதியிருந்தார். கிண்டல்தான். ஆனாலும் படித்துவிட்டு உள்ளூரச் சந்தோஷப்பட்டேன்.

எண்ணுகிறவனுக்கு ஒரு தொல்லை உண்டு. தொகை கூடக் கூட நித்திரை குறையும்.

கொழும்பில் வெள்ளவத்தைக்கு நான் வந்தபோது எங்கள் லேனில் ஒன்பது வீடு. வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே தென்னைகள். இன்றைக்கு இருபத்தாறு வீடு. ஒரே வீட்டை நடுவில் பலகை அடித்து இரண்டாக்கி, பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம். இடது கைப்பக்கத்து வீட்டில் கிராமபோன். வலது கைப்பக்கத்தில் ஒருவர் டைப்ரைட்டிங் பழகுகிறார் – ஒரே வரியைத்தான் அடிக்கிறார், மாதக்கணக்காக. பின்வீட்டில் கோழி. உலகப் போர் முடிந்தால் சனம் குறையும் என்றார்கள். குறைந்ததா?

ஆகவே ஒரு முடிவு எடுத்தேன். வவுனியாவுக்கு அப்பால், குளக்கட்டை ஒட்டினாற்போல் ஆறு ஏக்கர் காணி. சின்ன வீடு உண்டு. கிணறு உண்டு. பக்கத்து வீடு? கூப்பிட்டாலும் கேட்காத தூரம். அதற்காகத்தான் வாங்க நினைத்தேன். வெள்ளவத்தை வீட்டைக் கொடுத்துவிட்டு அங்கே போய்விடுவது. புதன்கிழமை புரோக்கர் வந்து கையெழுத்து வாங்குவதாகப் பேச்சு.

பாக்கியத்திடம் – என் மனைவியிடம் – கேட்டாயா என்கிறீர்களா?

கேட்டேன். "நீங்கள் போற இடத்துக்கு நான் வராமல் வேறை எங்கை போறது?" என்றாள். அதைச் சம்மதக் கணக்கில் போட்டுக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பாக்கியத்துக்குக் காது மந்தம். உரக்கச் சொன்னால் பாதி கேட்கும். மீதியை முகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வாள். உத்தியோகத்தில் சேர்ந்த புதிதில் என்னை வவுனியாவுக்குத்தான் போட்டார்கள். கல்யாணம் முடித்துப் போன முதல் வருஷமே அவளுக்கு மலேரியா. அந்தக் காலத்தில் அந்தப் பக்கம் இருந்தவர்களில் அது வராதவர் யார்? கொயினா, கொயினா என்று மாதக்கணக்கில் மருந்து விழுங்கினாள். காய்ச்சல் போனது. போகும்போது பாதிக் காதைக் கொண்டுபோனது.

இப்போது கொசுவுக்கு ஏதோ புது மருந்து வந்திருக்கிறதாம். லொறியில் வந்து வீடு வீடாக அடிக்கிறார்களாம். மலேரியா ஓடியே போய்விட்டது என்றார் புரோக்கர். அப்படியானால் பயம் என்ன?

இதோடு என் அட்லசும் சேர்ந்து எனக்குத் தூபம் போட்டது. அதில் உலகப் படம் ஒன்று – சனம் அடர்ந்த இடமெல்லாம் கறுப்பு, ஐதான இடமெல்லாம் வெள்ளை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வரும். நைல் நதி ஒரு கறுப்பு நூல். நூலுக்கு இரண்டு பக்கமும் வெறும் மணல். கங்கை கடலில் விழுகிற இடத்தில் மையைக் கொட்டிவிட்டது போல் இருக்கிறது. சீனத்து ஆற்றங்கரைகளும் அப்படித்தான். ஜாவாத் தீவில் ஊசி குத்த இடமில்லை. ஆனால் அவுஸ்திரேலியாவின் நடு? வெள்ளை. சைபீரியா? வெள்ளை. சஹாராவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

நம்முடைய தீவை எடுங்கள். தென்மேற்கு மூலை கறுப்பு. உச்சியில் யாழ்ப்பாணம் கறுப்பு. நடுவே மலைநாட்டில் தேயிலை இருக்கிற இடமெல்லாம் கறுப்பு. மற்றப்படி வடக்கும் கிழக்கும் வெள்ளையோ வெள்ளை. இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டுவிட்டு, இந்தச் சனம் ஏன் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு கொழும்பில் கிடக்கிறது?

இந்தக் கேள்வியைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் ஞாயிறன்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன்.

அங்கே சவரிமுத்து இருக்கிறார். கந்தோரில் எனக்கு எதிர் மேசை. இருவரும் ஒரே வருஷத்தில் பென்ஷன் எடுத்தோம். அவர்கள் கோயில் திருநாளுக்கு வருஷந்தோறும் எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவார். இந்த வருஷம் போய்ப் பயணம் சொல்லிவிட்டு வருவோம் என்பது என் எண்ணம்.

வெள்ளவத்தையில் ரயில். கோட்டையில் இறங்கி டிராம். டிராமுக்குள் நான் ஏறும்போதே ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். "இஸ்ஸரஹட்ட! இஸ்ஸரஹட்ட!" என்று சிங்களத்தில் கத்திக் கண்டக்டர் எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டிருந்தார். முன்னால் எங்கே போவது, டிரைவரின் மடியிலா? நான் முணுமுணுத்தேன். பாக்கியம் சந்தோஷமாக வந்தாள். ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தி இடுப்பிலிருந்த குழந்தையை இவள் மடியில் தூக்கி வைத்தாள் – கேட்காமலே. இவளும் வாங்கிக்கொண்டாள், கேட்காமலே.

இறங்கிய முடக்கில், தெரு திரும்புகிற இடத்தில், ஒரு கடலைவண்டி. கடலைச் சுருள்களை வரிசைக்குப் பத்தாக அடுக்கியிருந்தார் வண்டிக்காரர். மூன்றாம் வரிசையில் ஒன்பதுதான். மனம் கேட்குமா?

"தம்பி, மூண்டாம் வரியில ஒண்டு குறையுது."

அவர் என்னையும் வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார். "வித்துப்போச்சுங்க ஐயா" என்றார். "விக்கத்தானுங்களே வச்சிருக்கேன்?"

நியாயம்தான். நடந்தோம்.

சவரிமுத்து இருப்பது ஒரு வத்தையில். தெரியாதவர்களுக்காக: ஒரே வாசல், உள்ளே எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு தண்ணீர்ப் பைப். பைப்படியில் எப்போதும் கியூ. ஆட்களின் கியூ என்று நினைக்காதீர்கள் – வாளிகளின் கியூ. வாளியை வைத்துவிட்டு ஆள் வேலைக்குப் போய்விடும். முன் வாளி நிறைந்தால் கிட்ட நிற்கிற யாராவது அடுத்த வாளியைத் தள்ளி வைப்பார்கள். யாருடைய வாளி என்று பார்ப்பதில்லை.

"ஐசே, வந்திட்டீரா! டிராமில எத்தனை பேர்?" இதுதான் சவரிமுத்துவின் வரவேற்பு.

"சரியா எண்ணேலாமப் போச்சு. ஒரு தடியன்ர தோளுக்குப் பின்னால ரெண்டு மூண்டு தலை மறைஞ்சிட்டுது."

சோறு போடப்பட்டது. மஞ்சள் சோறு, ஆட்டிறைச்சி, எங்களுக்கென்று தனியாகக் கத்தரிக்காய்ப் பால்கறி. சவரிமுத்துவின் மனைவி ரெஜினா பரிமாறினார். நான் வவுனியாக் கதையை எடுத்தேன்.

"சவரிமுத்து, தீவில அரைவாசி காலியாக் கிடக்குது. நீங்கள் என்னெண்டால் இந்த ஒரு பைப்பைச் சுத்தி எழுபத்தொரு சீவன் நெரிஞ்சுகொண்டு கிடக்கிறியள். ஏன் எண்டு கேக்கிறன்."

"எழுபத்தொண்டில்ல ஐயா" என்றார் ரெஜினா, கரண்டியை நிறுத்தி. "எழுபத்துமூண்டு. மேல் வரிசையில போன கிழம ரெட்டப் புள்ள."

சவரிமுத்து வயிறு குலுங்கச் சிரித்தார். "ஐசே, கப்பல் வவுனியாவுக்கு வராதே! கப்பல் இங்கதானே வருது. கப்பல் வந்தா மூட்டை. மூட்டை இருந்தா வேலை. வேலை இருந்தா கல்யாணம். கல்யாணம் முடிஞ்சா... மேல் வரிசையப் பாரும்!"

"அது வேலைக்காரருக்குச் சரி. நீர் பென்ஷன்காரன். கப்பல் வந்தாலென்ன, வராட்டியென்ன? நீர் ஏன் இஞ்ச கிடக்கிறீர்?"

அவர் சிரிப்பதை நிறுத்தி யோசித்தார். தன் தட்டை நீட்டினார். "இறைச்சி இன்னும் கொஞ்சம் போடு ரெஜினா" என்றார். எனக்கென்றால் வழக்கில் வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

முற்றத்தில் பாக்கியம் வத்தைப் பெண்களுக்கு நடுவே இருந்தாள். அவர்கள் யாரையோ நடித்துக்காட்டினார்கள். கதையின் பாதி இவளுக்குக் கேட்டிருக்காது. ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் சிரித்தது இவள்தான். நான் அதைப் பார்த்தேன். பார்த்தும் விளங்கிக்கொள்ளவில்லை.

வெயில் தாழக் கோயில் சுரூபம் ஊர்வலமாக வெளிக்கிட்டது. சவரிமுத்து சுரூபம் தூக்குகிறவர்களோடு முன்னமே போய்விட்டார். நானும் பாக்கியமும் டிராம் முடக்கால் தெருவுக்கு வந்தோம்.

எங்கள் பக்கத்து நடையழகு உங்களுக்குத் தெரியும். ஆம்பிளை குடையோடு முன்னால். பெண்சாதி நாலடி பின்னால். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான். கையைப் பிடித்துக்கொண்டு நடப்பதெல்லாம் வெள்ளைக்காரன் பழக்கம்... இல்லையா?

தெரு நெடுக ஓலை வளைவுகள் கட்டியிருந்தார்கள். எண்ணிக்கொண்டே போனேன். இடையிடையே கடைக்கண்ணால் பின்னால் பார்த்தேன். நீலச் சேலை, வெள்ளைப் பூ. கூட்டுறவுச் சங்கக்கடையில் துணிக் கூப்பனுக்கு எடுத்தது; அன்றைக்குத்தான் முதல் முறை கட்டியிருந்தாள். நீலம் வருகிறதா? வருகிறது. சரி, நட.

நடந்துகொண்டே பேசினேன். நெரிசலைத் திட்டினேன். வவுனியாவில் குளத்துக் காற்று எப்படி இருக்கும் என்று சொன்னேன். கோழிக்கூடு எங்கே வைப்பது, முருங்கை எங்கே நடுவது, எல்லாம் சொன்னேன். பதில் வரவில்லை. பதில் வராதது எனக்குப் புதிதல்லவே!

பதினேழாவது வளைவில் திரும்பி, "கால் நோகுதோ?" என்று கேட்டேன்.

நீலச் சேலைக்குள் வேறு ஒரு பெண் நின்றாள்.

"யார் ஐயா நீங்க?" என்றாள். "எவ்வளவு தூரமா என்னோட கதைச்சிட்டு வாறீங்க! பாவம், சுகமில்லாத மனுசன், தனிய உடக் கூடாதெண்டு நானும் பின்னாலயே வாறன்."

நான் அவள் சேலையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஆனா ஒண்டு சொல்றன்" என்றாள் அவள். "அந்த வவுனியாக் காணிய மட்டும் வாங்கிராதீங்க."

திரும்பிப் பார்த்தேன். தெரு முழுக்கத் தலைகள். சுரூபத்தோடு வருகிறவர்கள், அதைப் பார்க்க வருகிறவர்கள், அவர்களுக்கு விற்க வருகிறவர்கள். அந்தத் தலைகளுக்குக் கீழே எங்கோ பாக்கியம். "பாக்கியம்!" என்று கத்தினேன். நடுத்தெருவில் அவள் பேரை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. கத்தி என்ன பயன்? அவளுக்குக் கேட்காது. டிராமின் மணியும் கேட்காது. துறைமுகத்துக்குப் போகிற லொறியின் ஹோர்னும் கேட்காது. இந்த நினைப்பு வந்ததும் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்ணின் பெயர் பிலோமினா. என் முகத்தைப் பார்த்ததும் அவள் கிண்டலை விட்டுவிட்டாள். கையைப் பிடித்து அருகிலிருந்த தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனாள். கடைக்கார முஸ்லிம் நானா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இரிங்க ஐயா. இந்த எடத்த உட்டு அசையவாணாம்" என்றார். "ரெண்டு பேரும் நடந்தா ரெண்டு பேரும் கெடைக்க மாட்டீங்க. ஒராள் நிண்டாத்தான் மத்தாள் வந்து சேரும். அம்மா என்ன உடுத்திருக்காங்க?"

"நீலச் சேலை. வெள்ளைப் பூ."

பிலோமினா விடுவிடென்று கடை வாங்குப் பலகையில் ஏறி நின்றாள். "என்னப் பாருங்க எல்லாரும்!" அப்படி ஒரு குரலை நான் கந்தோரில்கூடக் கேட்டதில்லை. "இதே சேல! வயசான அம்மா! காது கேக்காது! வெள்ளவத்தை ஆள்! கண்டா இங்க கூட்டி வாங்க!"

கூட்டம் அதைக் கேட்டது. கேட்டதை வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தது. முன்னால் நின்றவர் பின்னால் நின்றவருக்கு, அவர் அடுத்த கடைக்கு, அந்தக் கடைக்காரர் சிங்களத்தில் எதிர்க்கடைக்கு... வத்தையில் வாளி நகர்ந்த மாதிரியே நகர்ந்தது.

பிறகு வரத் தொடங்கினார்கள்.

முதலில் ஒரு பருத்த அம்மா. நீலச் சேலை, வெள்ளைப் பூ. "எனக்குக் காது நல்லாக் கேக்குதெண்டு சொல்லச் சொல்ல இழுத்து வந்திட்டானுகள்!" என்று என்னைப் பிடித்து ஏசினாள். அடுத்து தெஹிவளையிலிருந்து வந்த ஒரு டீச்சர் – அதே சேலை. பின்னால் ஒரு மாமியும் மருமகளும் ஜோடியாக – அதே சேலை, இரண்டு.

எனக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. கொழும்பு முழுக்கச் சங்கக்கடைகளுக்கு வந்தது ஒரே மாதிரித் துணி. கூப்பன் வைத்திருந்த வீட்டிலெல்லாம் நீலம், வெள்ளைப் பூ. திருநாளென்று எல்லாரும் அதையே எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். கல்யாணம் முடித்து இத்தனை வருஷத்தில் என் மனைவியைப் பற்றி அந்நியருக்குச் சொல்ல எனக்குக் கிடைத்த அடையாளம், அரசாங்கம் எல்லாருக்கும் பங்கிட்டுக் கொடுத்த அடையாளம்!

வந்தவர்கள் திரும்பிப் போனார்களா? போகவில்லை. "பாவம், கிழவர். அம்மா கிடைக்கும் வரைக்கும் இருப்பம்" என்று வாங்கில் உட்கார்ந்துவிட்டார்கள். என்னை ஏசிய பருத்த அம்மாதான் தன் விசிறியால் எனக்கு விசிறினாள். நானா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தார்.

நான் குடிக்கவில்லை. விரல் நீட்டி எண்ணினேன். வேறென்ன செய்ய? பயம் வந்தால் சிலர் கும்பிடுவார்கள். நான் எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று... வாங்கிலே ஏழு நீலச் சேலை. பிலோமினாவோடு எட்டு. எட்டும் என் பாக்கியம் இல்லை. திரும்ப முதலிலிருந்து எண்ணினேன்.

அந்த நேரம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார்.

"இங்க எண்ணுற ஐயா யாருங்க?"

எட்டு நீலச் சேலைகளும் ஒன்றாகக் கையை நீட்டி என்னைக் காட்டின.

வந்தவர் கடலைவண்டிக்காரர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது. "நெனச்சேன்! மூணாம் வரியில ஒண்ணு கொறையுதுன்னு சொன்ன ஐயாதானே? வாங்க, வாங்க. அம்மா டிராம் முடக்கில இருக்காங்க."

மெழுகுதிரி விற்கிற ஒரு பெண்ணின் தட்டிக்கடைக்குள், பெட்டி மேல், பாக்கியம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கடலைச் சுருள். யாரோ சோடா உடைத்துக் கொடுத்திருந்தார்கள். திருநாள் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல இருந்தாள்.

மெழுகுதிரிக்காரி என்னிடம் முறையிட்டாள். "ஐயாட பேர் என்னெண்டு கேட்டா அம்மா வாயத் துறக்கிறா இல்லையே! புருசன்ட பேரச் சொல்ல மாட்டாவாம். சரி, ஆள் எப்பிடி எண்டு கேட்டேன். வெள்ள வேட்டி, வெள்ளச் சட்ட, குடை எண்டா. இந்தத் தெருவில கிழவர் எல்லாம் அப்பிடித்தானே? பிறகு சொன்னா – 'நிண்ட இடத்தில எதையாவது எண்ணிக்கொண்டு நிப்பார்' எண்டு. அத நான் நாலு பேரிட்டச் சொன்னேன். கடலைக்காரருக்கு உடனே விளங்கிட்டு."

நான் அவளைச் சேலையால் தேடினேன். அவள் என்னைத் தேடிய விதத்தைப் பாருங்கள்!

"எங்கை போனீர்? எவ்வளவு நேரம் தேடுறது?" என்று பாக்கியத்தைப் பார்த்துச் சத்தம் போட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். மெல்ல எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள் – நடுத்தெருவில், வெள்ளைக்காரன் பழக்கம்.

"நான் தொலையேல்லை" என்றாள். "நீங்கள்தான் தொலைஞ்சிட்டியள். நான் நிண்ட இடத்திலதான் நிண்டனான்."

திரும்பும் ரயிலில் இடம் கிடைத்தது. கடல் பக்கத்து ஜன்னல். காது மந்தமானவர்கள் உரத்துத்தான் பேசுவார்கள், தங்கள் குரல் தங்களுக்கு விழாததால். பாக்கியம் பேச ஆரம்பித்தாள். பெட்டி முழுக்கக் கேட்டது.

"இஞ்சருங்கோ. அந்தக் காணி எனக்கு வேண்டாம்."

"மெல்லக் கதையும்" என்று கையால் காட்டினேன்.

"உங்களுக்குச் சத்தம் கரைச்சல். எனக்கு எல்லா ஊரும் சத்தமில்லாத ஊர்தான். ஆக்களின்ர முகத்தைப் பார்த்துத்தான் நான் உலகத்தைக் கேக்கிறனான். அங்கை முகமும் இல்லாட்டி..."

ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள்.

எதிர்ப்பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர் பேப்பரை இறக்கினார். "அம்மா சொல்றதில ஞாயம் இருக்குது ஐயா" என்றார். மூலையிலிருந்து இன்னொருவர், "நூத்துக்கு நூறு!" என்றார். இதுதான் கொழும்பு. ஒருவர் குடும்ப விஷயத்தை ஒரு ரயில் பெட்டியே கூடித் தீர்த்து வைக்கும். இன்னொரு நாளாக இருந்தால் கோபித்திருப்பேன். அன்றைக்கு எல்லாருக்கும் கடலை கொடுத்தேன்.

புதன்கிழமை புரோக்கர் வந்தார். "ஐயா, சொன்ன மாதிரியே! கிட்டடியில ஒரு குருவி இல்லை!" என்றார்.

"அதுதான் தம்பி வேண்டாம் எண்டு சொல்றன்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

அன்று மாலை அட்லசை மறுபடி விரித்தேன். இந்த முறை கோபம் வரவில்லை. கறுப்பு ஏன் கறுப்பு, வெள்ளை ஏன் வெள்ளை? முதற் காரணங்களை யாரும் சொல்வார்கள். ஆறு ஓடினால் வயல். வயல் இருந்தால் வாய்கள். மணலிலும் பனியிலும் எதை விதைப்பது? வவுனியாப் பக்கம் பழைய ராசாக்கள் வெட்டிய குளங்கள் ஊருக்கு ஊர் கிடக்கின்றன. அத்தனை குளம் வெட்டக் கைகள் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த வெள்ளையும் ஒரு காலத்தில் கறுப்பாக இருந்திருக்கிறது. குளம் உடைந்தது, கொசு வந்தது, சனம் போனது. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை. கிணறு வெட்டி இறைத்துக் கறுப்பாக்கினார்கள். மலையில் தேயிலை வந்தது. கடல் தாண்டி ஆட்களைக் கொண்டுவந்து கறுப்பாக்கினார்கள். கொட்டாஞ்சேனையைக் கறுப்பாக்கியது சவரிமுத்துவின் கப்பல்.

எல்லாம் சரி. தண்ணீரும் மண்ணும் வேலையும் சனத்தைக் கூட்டி வருகின்றன. வந்த சனம் ஏன் போகாமல் இருக்கிறது? கப்பலால் இனி ஒரு பயனும் இல்லாத சவரிமுத்து ஏன் அங்கே இருக்கிறார்? பாவம், அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் ஞாயிறு வரைக்கும் தெரியவில்லை. அங்கே அவர் வாளியைத் தள்ளி வைக்க ஆள் இருக்கிறது.

ஒன்று நினைவுக்கு வருகிறது. போர்க் காலத்தில் கொழும்பில் குண்டு விழுந்ததும் எங்கள் லேன் முழுக்கப் பெட்டி படுக்கையோடு கிளம்பிப் போனது. நாங்கள் மட்டும் இருந்தோம். கிராமபோன் இல்லை, கோழி இல்லை. ஆகா என்று நித்திரை கொண்டேன். அப்புறம்? பால்காரன் வரவில்லை. பாண்காரன் வரவில்லை. வண்ணான் இல்லை, தாடி எடுக்க ஆள் இல்லை. பாக்கியம் ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் முதல் குடும்பம் வண்டியில் திரும்பி வந்தபோது அவள் வாசலுக்கு ஓடினாள். எனக்கு அன்றைக்கே விளங்கியிருக்க வேண்டும். நான் வண்டியில் எத்தனை பெட்டி என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் நன்றி சொல்லும் வாரம். ஆகவே பெயர்களை எண்ணத் தொடங்கினேன். பிலோமினா ஒன்று. நானா இரண்டு. கடலைக்காரர், மெழுகுதிரிக்காரி, விசிறிய அம்மா, வாங்கில் இருந்த மற்ற நீலச் சேலைகள்... அதன்பின் யாரை எண்ணுவது? முன்னால் நின்று பின்னால் சொன்னவர், அவர் சொன்னதை வாங்கி எதிர்க்கடைக்குச் சொன்னவர், சிங்களத்தில் சொன்னவர், சோடா உடைத்துக் கொடுத்தவர், டிராம் முடக்கில் அவளைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு எடுத்துவிட்டவர் – அவர் யாரென்று அவளுக்கே தெரியாது. கணக்கு முடியவில்லை. எண்ணி முடிக்காமல் நான் மனநிறைவோடு எழுந்த முதல் தொகை இது.

வலது கைப்பக்கத்து வீட்டில் டைப்ரைட்டர் தொடங்கிவிட்டது. அதே வரி. அடிக்கட்டும். பாக்கியம் வேலிப் பக்கம் போய், அந்த வீட்டு அம்மாவின் வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஞாயிறுக்குப் பிறகு வெளியில் போனால் அவள் நாலடி பின்னால் வருவதில்லை. பக்கத்தில் வருகிறாள். லேனில் கதைக்கிறார்களாம். கதைக்கட்டும், அதற்குத்தானே ஆட்கள்?

பின்குறிப்பு: வவுனியாவுக்கு அப்பால் ஆறு ஏக்கர் காணி, குளம், கிணறு, நல்ல காற்று – இன்னும் விலைப்படவில்லை, தொலைந்துபோக விரும்புகிறவர்களுக்கு மிகவும் ஏற்ற இடம்.